டேங்க் நிரப்பினால் ஸ்டார்ட் ஆகாத கார்: பர்ஜ் வால்வு

பெட்ரோல் போட்டவுடன் மட்டும் கார் ஸ்டார்ட் ஆக இழுத்தது, ஸ்கேனரில் பி0496 (பெட்ரோல் ஆவி அளவுக்கு மேல் எஞ்சினுக்குப் போகிறது என்ற கோளாறு எண்). இதற்கு டேங்க் மூடியை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள், அது கசிவுக் கோளாறுக்குத்தான். எஞ்சினை ஐடிலில் விட்டு, டேங்க் ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வின் கனெக்டரையும், கேனிஸ்டர் (ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி) பக்க ஹோஸையும் கழற்றி, வால்வு முனையில் விரலை வைத்தேன். கரண்ட் இல்லாதபோது மூடியிருக்க வேண்டிய வால்வு விரலை உறிஞ்சியது. டேங்க் ஆவி முழுக்க எஞ்சினின் காற்றுவழியான இன்டேக்கில் ஏறி, காற்று-பெட்ரோல் கலவையைக் கெடுத்திருக்கிறது. வால்வைத் திறக்கும் மின்சுருளான காயில் 24 ஓம், சரிதான். ஆனால் ஓம் சரியாக இருப்பதால் வால்வு மூடுகிறது என்று அர்த்தமில்லை.

வால்வை வெள்ளைத் தாளில் தட்டினேன்: மிளகுத்தூள் மாதிரி கரித்துகள். கேனிஸ்டர் உள்ளே உடைந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் புதியதிலும் துகள் சிக்கும். இரண்டையும் மாற்றி, இடைக்குழாயை இரு முனையும் கழற்றிக் காற்றடித்தேன். மறுபடி விரல் வைத்தபோது உறிஞ்சல் இல்லை.