எந்த வீடு என்று கேட்காமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். மரக் குடிசை, முன்னால் திண்ணை, அதில் கால் நீட்டியபடி அவர். கீழே, "லொரெட்டா லின் பிறந்த வீடு!" லொரெட்டா, அமெரிக்காவின் கிராமிய இசை வகையான கண்ட்ரி இசைப் பாடகி. படத்தைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. அவர்மேல் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அதே திண்ணையில் அதேபோல உட்கார்ந்திருந்த என்மேல்தான்.

கண்ட்ரி இசைப் பாடகர்களின் வீடுகளைத் தேடி அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு, செய்யக் கூடாத தவறுகளின் பட்டியல் இது. டயர், பெட்ரோல், தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நகலை அசல் என்று நம்புவது

லொரெட்டா 1932இல் பிறந்தது கென்டக்கியின் கிழக்கே, வான் லியர் என்ற நிலக்கரி ஊரை ஒட்டிய மலை இடுக்கில். புட்சர் ஹாலர் என்பார்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி, எட்டுப் பிள்ளைகள். வீட்டுச் சுவரில் அம்மா ஒட்டிவைத்திருந்த நடிகை லொரெட்டா யங்கின் படத்திலிருந்து வந்ததுதான் அந்தப் பெயர்.

நண்பரும் நானும் உட்கார்ந்திருந்த ஹரிக்கேன் மில்ஸ் வேறு ஊர். அது டென்னசியில், நாஷ்வில்லுக்கு மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாடிப் பெயர் வாங்கியபின் 1966இல் லொரெட்டாவும் கணவரும் வாங்கிய பண்ணை. முகப்பில் வெள்ளைத் தூண்கள் நிற்கும் பெரிய வீடு அங்கேதான் இருக்கிறது. 2022 அக்டோபரில் அவர் காலமானதும் இந்த ஊரில்தான். பிறந்த குடிசையைப் போலவே ஒன்றை அந்தப் பண்ணையிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

நான் அந்தக் குடிசைக்கு முன்னால் நின்று, எட்டுப் பிள்ளைகள் இதற்குள் எப்படிப் படுத்தார்கள் என்று மனைவிக்கு அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நகல் தம்பி, நிஜ வீடு கென்டக்கியில்" என்றார். மனைவி சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

வீம்பு விடுமா? மறுநாள் மெம்ஃபிஸ் போக வேண்டியவர்கள், காரைக் கிழக்கே திருப்பினோம். மெம்ஃபிஸில் கட்டியிருந்த அறை வாடகை போச்சு. ஆறு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம். டென்னசியின் மேற்குப் பக்கமும் கென்டக்கியின் கிழக்குப் பக்கமும் வேறு வேறு நேர மண்டலம் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. என் கைக்கடிகாரத்தில் நாலரை. வான் லியரில் ஐந்தரை. லொரெட்டாவின் தம்பி ஹெர்மன் வெப் நடத்திவந்த கடையில் சொல்லிவிட்டுத்தான் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். கடை பூட்டியிருந்தது. ஒரு கார் மட்டுமே போகக்கூடிய பாதையில் கொஞ்ச தூரம் போய், இருட்டுக்குப் பயந்து காரைப் பின்னோக்கியே ஓட்டித் திரும்பினேன். வீட்டைப் பார்த்தது அதற்கு மறுநாள் காலை. அதற்குள் ஒன்றரை நாள் போயிருந்தது.

இன்னொரு கண்ட்ரி பாடகி டாலி பார்ட்டனுக்கும் இதே கதைதான். டென்னசியில் அவர் பெயரில் இருக்கும் டாலிவுட் பொழுதுபோக்குப் பூங்காவில் இருப்பது நகல், அவர் அண்ணன் தம்பிகளில் ஒருவரான பாபி கட்டியது. அசல் வீடு லோகஸ்ட் ரிட்ஜில், தனியார் நிலத்தில். போனாலும் பார்க்க முடியாது.

இல்லாத வீட்டுக்குப் போவது

நாஷ்வில் பக்கத்து ஹெண்டர்சன்வில் ஏரிக்கரையில் கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் வாழ்ந்த வீடு 2007 ஏப்ரலில் எரிந்துபோனது. அவர் சிறுவனாக வளர்ந்த வீடு வேண்டுமானால் ஆர்கன்சாவின் டையஸ் ஊருக்குப் போங்கள். ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் பழுதுபார்த்து 2014இல் திறந்தது. மெம்ஃபிஸிலிருந்து ஒரு மணி நேரம். சுற்றிலும் தட்டையான வயல், நடுவில் ஐந்தே அறை. என்னைக் கேட்டால், பார்த்த வீடுகளில் இதுதான் மனதில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது

ஊரே தேவாலயத்தில் இருக்கும்.

மேப்பை மட்டும் நம்புவது

மலை இடுக்கில் சிக்னல் செத்துவிடும். முந்தின இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலி தாண்டுவது

வேண்டாம். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

கார்டு மட்டும் எடுத்துப் போவது

நாஷ்வில்லில் சரி. புட்சர் ஹாலர் பக்கம் போனால் பையில் கொஞ்சம் டாலர் நோட்டு இருக்கட்டும், ஐந்தும் பத்துமாக.