தின்னர் வேலையும் ரத்த ரிப்போர்ட்டும்: 'எல்லாம் நார்மல்' என்று மடித்து வைக்கும் தவறு

வியாசர்பாடி, மணலி பக்கம் டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு "டப்பாவை மூடுடா" என்று சொல்ல ஆள் இருக்கிறது. அது இங்கே வேண்டாம். லூஸ் தின்னரிலும் பெட்ரோலிலும் கலந்திருக்கும் பென்சீன், எதிர்ப்பு சக்தியை வருஷக்கணக்கில் எப்படி அரிக்கிறது, அதைப் பிடிக்க வேண்டிய இடத்தில் எப்படிக் கோட்டை விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

நார்மலை நம்புவது

மூச்சில் போன பென்சீனைக் கல்லீரல் உடைக்கிறது. அதில் பிறக்கும் ஹைட்ரோகுவினோன் எலும்பு மஜ்ஜைக்குப் போய், அங்கே பென்சோகுவினோனாக மாறுகிறது. வெள்ளணு உற்பத்தியாகும் இடத்திலேயே அடி விழுகிறது. வெள்ளணுவில் ஒரு வகையான லிம்போசைட் சீக்கிரமே குறையத் தொடங்கும். சீனாவின் தியான்ஜின் நகரில் காலணித் தொழிலாளர்கள் 250 பேரிடம் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. காற்றில் 1 பிபிஎம்-க்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாகப் பென்சீன் இருந்த இடத்தில் வேலை செய்தவர்களுக்கே வெள்ளணு குறைந்திருந்தது. அந்த அளவில் பென்சீன் வாடை பொதுவாக மூக்கில் தட்டாது.

இப்போது ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்த வெள்ளணு 4,600. நார்மல் 4,000 முதல் 11,000. லிம்போசைட் 20%, நார்மல் 20 முதல் 40. எந்த எண்ணும் தடித்த எழுத்தில் இல்லை. முதலாளி மடித்து டிராயரில் போடுகிறார். பெருக்கிப் பார்த்தால் தெரியும்: 4,600-ல் 20% என்றால் 920. பெரியவர்களுக்கு 1,000-க்குக் கீழே போனாலே குறைவுதான்.

இதே ஆள் சேர்ந்தபோது 7,800-ம் 32%-ம் இருந்திருந்தால் கணக்கு 2,496. பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் சேர்ந்த அன்று ரத்தமே எடுத்திருக்க மாட்டார்கள்! "ஆறு மாசம் போகட்டும், பார்த்துக்கலாம்" என்பார்கள். ஆறு மாசம் கழித்து எடுத்ததை எதோடு ஒப்பிடுவது?

ஸ்ப்ரே கன்னைக் கையில் கொடுக்கும் முன்பே ஒரு சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), டிஃபரன்ஷியலோடு (வெள்ளணு வகைகளின் சதவீதம்). பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே லேப், அதே காலை நேரம். காய்ச்சல் அடிக்கும்போதோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போதோ எடுத்தால் எண்ணிக்கை ஏமாற்றும். குறைவு தெரிந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுத்து, ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். லிம்போசைட் குறைய டிபி, எச்ஐவி என்று வேறு காரணங்களும் உண்டு. பழியைத் தின்னர் மேல் மட்டும் போட்டுவிடக் கூடாது.

அடிக்கடி வரும் கொப்புளமும் வாய்ப்புண்ணும் 'சூடு' என்பது

எதிர்ப்பு சக்தி குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். இளநீர் குடிக்கட்டும்; ரத்தமும் எடுக்கட்டும்.

என்95 மாஸ்க்

தூசிக்கு. ஆவிக்குக் கரி கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும். அதையும் ஆணியில் திறந்தபடி மாட்டினால், ராத்திரி முழுக்கப் பட்டறைக் காற்றை இழுத்துக் காலைக்குள் கொஞ்சம் தீர்ந்திருக்கும். காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள்.

முதுகுக்குப் பின்னால் எக்ஸாஸ்ட் ஃபேன்

ஆவி முகத்தைத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போகும். வேலைப் பொருளுக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கள்.

பெட்ரோலில் கை கழுவுவது

தேங்காய் எண்ணெய், பனியன் வேஸ்ட், சோப்பு. போதும்.

விஷம் முறியும் என்று பால், வாழைப்பழம்

பசிக்கு நல்லது.

எண்ணிக்கை ஏறியதும் பழைய இடத்துக்கே அனுப்புவது

மூன்று மாதம் தின்னர் புழங்காத அசெம்பிளி வேலையில் உட்கார வைத்தபின் லிம்போசைட் ஏறினால், அந்த ஏற்றம் தின்னரின் மேல் சந்தேகத்தை வலுவாக்குகிறது. அவரை மறுபடி கன் பிடிக்கவிட்டால் அடுத்த ரிப்போர்ட்டில் மறுபடி பழைய 920-க்கே இறங்கலாம்.