ஹன்ஜொங்ஷிக் சாப்பிடப் போகிறவர்களுக்கு

கொரியாவுக்குப் போனால் ஒரு வேளையாவது ஹன்ஜொங்ஷிக் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சோறு, சூப், கிம்ச்சி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பன்ச்சன் என்கிற தொடுகறிகள், இப்படி மேசை கொள்ளாமல் வரும் முழுச் சாப்பாடு அது. சியோலில் இன்சாதொங் சந்துகளுக்குள் தேடுங்கள், சாப்பாட்டுக்கே பேர்போன ஊர் என்றால் ஜொன்ஜு. முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள், பல கடைகளில் தனியாளாகப் போனால் பரிமாற மாட்டார்கள்.

ஹனோக் என்கிற பழைய வீட்டில் நடக்கும் கடையாகப் பார்த்துப் போனால் நல்லது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும், அதனால் ஓட்டை சாக்ஸோடு போகாதீர்கள். உள்ளே தரையில் மெத்தை போட்டுச் சம்மணம். குளிர்காலம் என்றால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கீழிருந்து இதமாகச் சூடு ஏறும். அதுதான் ஒண்டோல். அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டுச் சூடாக்கினார்கள், இப்போது வெந்நீர்க் குழாய். கதவிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் இடம் பெரியவர்களுக்கு, நாமாகப் போய் அங்கே உட்காரக் கூடாது.

பெரியவர் ஸ்பூனை எடுக்கும்வரை பொறுங்கள். சோறும் சூப்பும் ஸ்பூனால், தொடுகறி குச்சியால், ஒரு நேரத்தில் கையில் ஒன்றுதான். கிண்ணத்தைக் கையில் தூக்கவும் கூடாது. ஸ்டீல் குச்சி வேறு தட்டையாக, வழுக்கிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டால் ஒரு கீரைத் துணுக்குகூட வாய்க்கு வராது. அந்த அறையின் அமைதிக்குப் பாதிக் காரணம் காகிதக் கதவு வழியாக வரும் மங்கலான வெளிச்சம் என்றால் மீதிப் பாதி இந்தக் குச்சிதான் என்பது என் கணிப்பு! சோற்றில் குச்சியை நட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள், இறந்தவர்களுக்குப் படைக்கும்போது செய்வது அது. மேசையில் மூக்குச் சிந்துவதும் ஆகாது.

சோறு சுடச்சுடக் கல்சட்டியில் வந்தால் அப்படியே சாப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் சோற்றைப் பக்கத்துக் கிண்ணத்தில் வழித்து எடுத்துக்கொண்டு, அடியில் ஒட்டிய காந்தல்மேல் கூடவே தரும் வெந்நீரையோ பார்லித் தண்ணீரையோ ஊற்றி மூடிவிட்டு, அதை மறந்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்து மூடியைத் திறந்தால் காந்தல் ஊறி, லேசான வறுத்த வாசனையோடு கஞ்சி மாதிரி இருக்கும். சுங்நியுங் என்பார்கள். காரம் எல்லாம் அடங்கிப் போகும், எனக்கென்னவோ அத்தனை கிண்ணங்களையும்விட இதுதான் பிடிக்கும்.

பன்ச்சன் தீர்ந்துபோனால் கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் காசில்லாமலே இன்னொரு முறை வைப்பார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. கிளம்பும்போது "ஜல் மொகொஸ்ஸும்னிதா" என்று சொல்லுங்கள், நன்றாகச் சாப்பிட்டேன் என்று அர்த்தம். அப்புறம், எழுந்திருக்கும்போது கால் மரத்திருக்கும், மேசையைப் பிடித்து எழாதீர்கள், கிண்ணம் எல்லாம் சரிந்துவிடும்.