கெல்லி மாளிகைக்குப் போகும் நாளில் துரை ஊர்ச் சாப்பாடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவில் என் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் கெல்லி மாளிகைக்குக் கூட்டிப்போவேன். என் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். அந்தக் கட்டடத்தைச் சும்மா படம் பிடித்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பிடிக்காது. அதைக் கட்டிய துரையின் ஊரான ஸ்காட்லாந்துச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவேன்.

முதல் நாள் இரவே ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட்டைச் செய்துவிடுங்கள். சீனி ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. நான் 100 கிராம் சீனி, 200 கிராம் வெண்ணெய், 250 கிராம் கோதுமை மாவு, 50 கிராம் அரிசி மாவு எடுப்பேன். அரிசி மாவு என் சொந்தச் சரக்கு இல்லை. மொறுமொறுப்புக்காக ஸ்காட்லாந்திலும் சேர்ப்பார்கள். நம் வெக்கைக்கு வெண்ணெய் சட்டென்று இளகிவிடும். அதிகம் பிசையாமல் தட்டில் அழுத்திப் பரப்பி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். முள்கரண்டியால் குத்திவிட்டு 160 டிகிரி ஓவனில் 40 நிமிடம். லேசான பொன்னிறம் வந்தால் போதும். சூட்டோடு துண்டு போடுங்கள், ஆறினால் நொறுங்கும்.

காலையில் ஸ்காட்ச் பிராத் என்ற ஆட்டிறைச்சி சூப்பு. எலும்போடு அரைக் கிலோ ஆட்டிறைச்சி, ஒரு கைப்பிடி பார்லி, கேரட், லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்). அங்கே டர்னிப் போடுவார்கள். நான் வெள்ளை முள்ளங்கி போடுகிறேன். சிறுதீயில் இரண்டு மணி நேரம் வேகட்டும். பார்லி குழைந்து சூப்பு தானே கெட்டியாகும். உப்பும் மிளகும் மட்டுமே. கை கறிவேப்பிலைக்குப் போகும், போக விடாதீர்கள். பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போய், மரநிழலில் பசியாறிவிட்டு உள்ளே நுழையுங்கள்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்தின் மோரே பகுதிக்காரர். 1890-இல், 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. சன்னல்களிலும் தாழ்வாரத்திலும் உள்ள மூரிஷ் (வட ஆப்பிரிக்க, ஸ்பெயின் முஸ்லிம் கட்டடப் பாணி) வளைவுகளை நின்று பாருங்கள். காலை வெயில் அவற்றின் வழியாகத் தரையில் விழும் நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு ஆறு மாடிக் கோபுரத்தில், லிஃப்டுக்காக விட்ட குழியைப் பாருங்கள். 1926-இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு துரை இறந்துபோனார். வேலை அப்படியே நின்றது.

அங்கேயே திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலர் ஸ்பானிஷ் காய்ச்சல் என்ற கொள்ளைநோயில் இறந்தபோது, மிஞ்சியவர்கள் துரையிடம் கேட்டுக் கட்டிக்கொண்ட கோயில். கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட ஒரு துரை நிற்பார். பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தேங்காய், பழம், சூடம் எல்லாம் பத்து காஜாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் நடை சாத்துவதற்குள் போக வேண்டும். அந்தக் காய்ச்சலில் போனவர்களுக்கென்று என் பாட்டி தனியாக ஒரு சூடம் ஏற்றுவார். இப்போது நான் ஏற்றுகிறேன்.