எண்ணிக்கையைப் பெயரில் எப்போது சொல்ல வேண்டும்? பிணைப்பைக் கொண்டு சேர்மத்துக்குப் பெயரிடும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்ப் பக்கத்து வீடுகளில் கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் கசிந்து நிற்பது வழக்கம். உப்பு கசிகிறது என்று சொல்கிறோமே தவிர, ஈரத்தை இழுப்பதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுடையது அன்று. உப்பளத்தில் முழுவதும் வடியாமல் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த மெக்னீசியம் குளோரைடுடையது. அந்தச் சேர்மத்தில் ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரின் உண்டு. அப்படியிருக்க அதை மெக்னீசியம் டை குளோரைடு என்று ஏன் சொல்வதில்லை, ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் உள்ளதை மட்டும் ஏன் கார்பன் டை ஆக்சைடு என்கிறோம் என்று என்னிடம் படிக்க வரும் பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்களில் ஒருவராவது ஆண்டுதோறும் கேட்டுவிடுகிறார். கேட்காதவர்கள் விடைத்தாளில் டை குளோரைடு என்று எழுதிவிட்டு வருகிறார்கள்.

வேதிப்பிணைப்பை ஒரு பாடமாகவும் பெயரிடுதலை வேறொரு பாடமாகவும் பிரித்துப் படிப்பதால் வரும் குழப்பம் இது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே விதி போதும்: அணுக்களின் எண்ணிக்கை வேறு வழியின்றித் தானே தீர்மானமாகிவிடும் இடத்தில் பெயர் அதைச் சொல்லாது, ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் இருக்கும் இடத்தில் பெயர் அதைச் சொல்லியே தீர வேண்டும். இந்தக் கட்டுரையில் குறியீடுகளை விட்டுவிட்டு, எண்ணிக்கைகளைச் சொற்களாலேயே கூறுகிறேன். குறியீட்டை எழுதும் முன் "இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்கள் பிழை செய்வது குறைவு என்பது என் அனுபவம்.

முதலில் பிணைப்பின் வகையை முடிவு செய்யுங்கள்

சேர்மத்தில் உள்ள தனிமங்களில் உலோகம் இருக்கிறதா என்று பாருங்கள். உலோகமும் அலோகமும் சேர்ந்திருந்தால் அயனிப் பிணைப்பு (ஒன்று எலக்ட்ரானை இழந்து மற்றொன்று பெற்று, மின்சுமை கொண்ட அயனிகளாகிச் சேர்வது) என்றும், இரண்டும் அலோகங்களாக இருந்தால் சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சேர்வது) என்றும் தொடக்கநிலையில் எடுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன்பக்கம் இழுக்கும் திறன், இரு அணுக்களுக்கிடையே 1.7-க்கு மேல் வேறுபட்டால் அயனிப் பிணைப்பு என்ற விதியைப் பல கையேடுகள் முதலிடத்தில் வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் திறனை அளக்கும் பாலிங் அளவுகோலில் ஹைட்ரஜனின் மதிப்பு 2.20, ஃபுளூரினின் மதிப்பு 3.98, வேறுபாடு 1.78. ஆனாலும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு தனித்தனி மூலக்கூறுகளாலான சகப்பிணைப்புச் சேர்மமே. மறுபக்கம் அலுமினியமும் குளோரினும் உலோகம், அலோகம் என்ற கணக்கில் வந்தாலும் அவற்றின் வேறுபாடு ஏறத்தாழ 1.55 மட்டுமே; நீரற்ற அலுமினியம் குளோரைடு சூடேற்றினால் பதங்கமாகி (உருகாமல் நேரே ஆவியாகி), ஆவியில் மூலக்கூறுகளாகவே திரிகிறது. அயனி, சகப்பிணைப்பு என்பவை ஒரு நீண்ட வரப்பின் இரு முனைகள் என்று வைத்துக்கொண்டு, எல்லையில் நிற்கும் இவை போன்ற சிலவற்றைத் தனியாக நினைவில் கொள்வதே நல்லது.

அயனிச் சேர்மம்: மின்சுமைகள் எண்ணிக்கையைக் கட்டாயப்படுத்துகின்றன

மெக்னீசியத்தின் அணு எண் 12. எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 2. வெளிக்கூட்டில் உள்ள இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் அது நியானின் அமைப்பை அடைந்து, இரண்டு நேர்மின் சுமை கொண்ட அயனியாகிறது. குளோரின் 17 எலக்ட்ரான்களை 2, 8, 7 என்று வைத்திருக்கிறது. ஒன்றைப் பெற்றால் ஆர்கானின் அமைப்பு, ஓர் எதிர்மின் சுமை. மொத்தச் சேர்மம் மின்சுமையற்றதாக இருந்தாக வேண்டும் என்பதால், ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரின் வருவதைத் தவிர வேறு வழியே இல்லை. வேறு வழி இல்லாததைப் பெயரில் சொல்வானேன்? ஆகவே மெக்னீசியம் குளோரைடு என்பதோடு பெயர் முடிகிறது.

பெயரிடும் ஒழுங்கு எளியது. நேர்மின் அயனியின் பெயரை மாற்றமின்றி முதலில் எழுதி, எதிர்மின் அயனியின் பெயரின் கடைசிப் பகுதியை 'ஐடு' என்று மாற்றி அடுத்து எழுத வேண்டும்: குளோரின் குளோரைடாகும், ஆக்சிஜன் ஆக்சைடாகும், நைட்ரஜன் நைட்ரைடாகும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த பெரியவர் எவரேனும் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்; அவர் இதைத் தலைகீழாக, குளோரைடை முன்னே வைத்து, 'குளோர்யூர் த சோடியம்' என்பார். இரண்டு உறுப்புகளைச் சேர்த்துப் பெயர் சொல்லும் இந்த முறை பரவியதே 1787-இல் பாரிசில் லவாய்சியேவும் கீத்தோன் த மொர்வோ, பெர்த்தொலே, ஃபுர்குருவா ஆகிய மூவரும் சேர்ந்து வெளியிட்ட பெயரிடும் முறையால்தான். அதற்கு முன் அங்கும் நம்முடைய வெடியுப்பு, நவச்சாரம், அன்னபேதி போன்ற பெயர்களே புழங்கின. அழகான பெயர்கள்தாம், ஆனால் வெடியுப்பு என்றால் பொட்டாசியம் நைட்ரேட் என்றோ, அன்னபேதி என்றால் இரும்பின் சல்பேட் என்றோ அந்தச் சொற்களைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பெயரிலிருந்து எண்ணிக்கைக்குத் திரும்ப வேண்டுமானால் மின்சுமைகளைக் குறுக்கே மாற்றுங்கள். அலுமினியத்தின் சுமை மூன்று, ஆக்சிஜனின் சுமை இரண்டு. எனவே இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன். இரு பக்கமும் ஆறு ஆறாகச் சமன்படுகிறது. கால்சியம் ஆக்சைடில் இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் அதை அப்படியே விட்டுவிடாமல் ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்க வேண்டும். அயனிச் சேர்மத்தில் தனி மூலக்கூறு கிடையாது. ஓர் உப்புக்கல்லுக்குள் எண்ணற்ற அயனிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. நாம் எழுதுவது அவற்றின் மிக எளிய விகிதத்தை மட்டுமே. அந்த அடுக்கைக் குலைக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைச் சோடியம் குளோரைடின் உருகுநிலையான 801 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது.

ஓர் உலோகத்துக்கு இரண்டு சுமைகள் இருந்தால்

கடற்கரையோர வீட்டுக் கம்பிக் கதவில் ஏறும் துருவிலும், சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் இருப்பது ஒரே இரும்புதான். ஆனால் துருவில் அதன் சுமை மூன்று, மாத்திரையில் உள்ள சல்பேட்டில் இரண்டு. இரும்பு குளோரைடு என்று மட்டும் சொன்னால் இரண்டு குளோரின் உள்ளதா மூன்று உள்ளதா என்று தெரியாது. இங்கே எண்ணிக்கை தானே தீர்மானமாவதில்லை. எனவே பெயர் பேச வேண்டும். பழைய வழக்கில் குறைந்த சுமைக்கு ஃபெர்ரஸ், கூடிய சுமைக்கு ஃபெர்ரிக் என்றார்கள். அதன் குறை என்னவென்றால், அந்த ஈறுகள் குறைவு, கூடுதல் என்று சொல்கின்றனவே அன்றி எத்தனை என்று சொல்வதில்லை: இரும்புக்கு ஃபெர்ரஸ் என்றால் இரண்டு, காப்பருக்கு குப்ரஸ் என்றால் ஒன்று. ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல் முன்வைத்த முறையில், உலோகத்தின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் சுமையை ரோமன் எண்ணாக எழுதுகிறோம். வாசிக்கும்போது இரும்பு மூன்று குளோரைடு என்று வாசிக்கிறோம்.

இந்த இடத்தில் மாணவர்கள் தவறாமல் வழுக்குகிறார்கள். ரோமன் எண் சொல்வது உலோகத்தின் சுமையை. அணுக்களின் எண்ணிக்கையை அன்று. இரும்பு மூன்று ஆக்சைடில் இரும்பு அணுக்கள் இரண்டே. சோடியம், கால்சியம், அலுமினியம் போன்று வழக்கமாக ஒரே சுமை கொண்டவற்றுக்கு ரோமன் எண் போடுவதும் வேண்டாத வேலை.

சகப்பிணைப்புச் சேர்மம்: எண்ணிச் சொல்லுங்கள்

இரு அலோகங்கள் சேரும்போது எவரும் எலக்ட்ரானை முழுதாக விட்டுக்கொடுப்பதில்லை. இணை இணையாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்தப் பகிர்வுக் கருத்தை 1916-இல் முன்வைத்தவர் கில்பர்ட் லூயிஸ். பகிர்வு பலவிதமாக அமையலாம் என்பதால் ஒரே இரு தனிமங்கள் பல சேர்மங்களைத் தரலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நன்றாக எரிந்தால் ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் சேரும். காற்று போதாமல் எரிந்தால் ஒன்றே சேரும். முன்னது டை ஆக்சைடு, பின்னது உயிரைப் பறிக்கும் மோனாக்சைடு. பெயரில் எண்ணிக்கை இல்லாவிட்டால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இதற்கான முன்னொட்டுகள் மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா என்று போகும். முதல் தனிமம் ஒன்றே ஒன்றாக இருந்தால் மோனோ சேர்ப்பதில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் டை நைட்ரஜன் டெட்ராக்சைடு என்பதுபோல் முன்னொட்டு வேண்டும்.

அமைப்பை வரைவதற்குச் சற்றுப் பொறுமை தேவை. கார்பன் டை ஆக்சைடையே எடுத்துக்கொள்வோம். முதலில் இணைதிற எலக்ட்ரான்களை, அதாவது வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை, கூட்டுங்கள்: கார்பனுக்கு நான்கு, இரு ஆக்சிஜன்களுக்கு ஆறு ஆறு, மொத்தம் 16. கார்பனை நடுவில் வைத்து, இரு பக்கமும் ஓர் இணையால் ஆக்சிஜனோடு பிணையுங்கள். நான்கு செலவாயிற்று, 12 மீதம். மீதியை வெளி அணுக்களுக்கு ஆறு ஆறாகக் கொடுத்தால் ஆக்சிஜன்கள் எட்டை எட்டிவிடுகின்றன, கையிருப்பும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் நடுவில் நிற்கும் கார்பனைச் சுற்றி நான்கே இருக்கின்றன. பலர் இங்கே புதிதாக நான்கு புள்ளிகளை வைத்துவிடுகிறார்கள். 16 என்ற கணக்கு 20 ஆகிவிடும். புதிதாக வைக்கக் கூடாது. ஒவ்வோர் ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த இணையைப் பிணைப்புக்குள் நகர்த்துங்கள். இரு பக்கமும் இரட்டைப் பிணைப்பாகி, மூன்று அணுக்களுக்கும் எட்டு எட்டாகிவிடும்.

இதே வழியில் ஐஸ் பிளான்டுகளில் குளிரூட்டியாக ஓடும் அம்மோனியாவை வரைந்தால், எட்டு எலக்ட்ரான்களில் ஆறு மூன்று ஹைட்ரஜன்களோடு பிணைந்து, ஓர் இணை நைட்ரஜனிடம் தனித்து நிற்கும். அந்த இணையை அது ஒரு ஹைட்ரஜன் அயனிக்கு அப்படியே ஈந்தால் கிடைப்பது அம்மோனியம் அயனி. இப்படி இரு எலக்ட்ரான்களையும் ஒருவரே தருவது ஈதல் சகப்பிணைப்பு. அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்கள் அமைய வேண்டும் என்ற இந்த எண்ம விதி எங்கும் செல்லுபடியாகும் என்று நினைத்துவிட வேண்டாம்: போரான் ட்ரை ஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறும், பாஸ்பரஸ் பென்டா குளோரைடில் பாஸ்பரஸைச் சுற்றி பத்தும் உள்ளன.

பல்லணு அயனிகளும் ஓர் எழுத்துப் பிரச்சினையும்

சல்பேட் அயனிக்குள் சல்பரும் நான்கு ஆக்சிஜன்களும் சகப்பிணைப்பால் கட்டுண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டு முழுவதும் இரண்டு எதிர்மின் சுமையோடு ஒரே அயனியாக நடந்துகொள்கிறது. எனவே பெயரிடும்போது அதைப் பிரிக்காமல் ஒரே ஆளாக நடத்த வேண்டும். ஆக்சிஜன் கூடியதற்கு 'ஏட்', குறைந்ததற்கு 'ஐட்டு' என்ற ஈறு வரும்: சல்பேட்டில் நான்கு ஆக்சிஜன், சல்பைட்டில் மூன்று, நைட்ரேட்டில் மூன்று, நைட்ரைட்டில் இரண்டு. குளோரினுக்கு நான்கு படிகள் இருப்பதால் ஹைப்போகுளோரைட்டு, குளோரைட்டு, குளோரேட், பெர்குளோரேட் என்று ஒன்றிலிருந்து நான்கு ஆக்சிஜன் வரை போகிறது. வெள்ளம் வடிந்தபின் தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடரின் வெளுக்கும் ஆற்றல் இதில் முதற்படியான ஹைப்போகுளோரைட்டிலிருந்து வருவது.

தமிழில் எழுதுவோர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். குளோரைடு வேறு, குளோரைட்டு வேறு. ஒற்றை டகரம் மெலிந்தும் இரட்டை டகரம் வல்லோசையோடும் ஒலிப்பது நம் மொழியின் இயல்பு என்பதால், இரட்டித்து எழுதினால் குழப்பம் தீரும். 'சல்பைட்' என்று அரைகுறையாக நிறுத்தினால் அது சல்பைடா சல்பைட்டா என்று வாசிப்பவர் திகைப்பார். 'ஐடு' ஈறு பொதுவாக ஒரே அணுவாலான தனி அயனியைக் காட்டும். ஹைட்ராக்சைடும் சயனைடும் இதற்கு விலக்கு. அவை பல்லணு அயனிகள். பாக்கெட் உப்பில் சேர்க்கப்படுவது பொட்டாசியம் அயோடேட், அதாவது மூன்று ஆக்சிஜன் கொண்டது. அயோடைடைவிட அது ஈரக்காற்றைத் தாங்கி நிலைத்திருப்பதால் நம் நாட்டில் அதையே பயன்படுத்துகிறார்கள்.

படிகத்தோடு ஒட்டிய நீருக்கு மீண்டும் எண்ணிக்கை வருகிறது. நீர் மூலக்கூறுக்கு நிகர மின்சுமை இல்லை. ஆகவே எத்தனை நீர் சேரும் என்பதைச் சுமைக் கணக்கு சொல்லாது. மரக்காணத்து உப்பளம் போன்ற இடங்களில் கடல்நீர் சுண்டும்போது உப்புக்கு முன்பே படிந்துவிடும் ஜிப்சம் கால்சியம் சல்பேட் டை ஹைட்ரேட். பண்ருட்டிப் பக்கத்தில் பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவைக்காக வாங்கும் மயில்துத்தம் காப்பர் இரண்டு சல்பேட் பென்டா ஹைட்ரேட். இந்த இரண்டாவது பெயரில் ரோமன் எண்ணும் முன்னொட்டும் ஒன்றாக நிற்பதைப் பாருங்கள்: முன்னது காப்பரின் சுமைக்கு, பின்னது நீரின் எண்ணிக்கைக்கு.

பழகிப் பார்க்க நான்கு: ஒரு கால்சியமும் இரண்டு ஹைட்ராக்சைடும், ஒரு சல்பரும் ஆறு ஃபுளூரினும், இரண்டு அலுமினியமும் மூன்று சல்பேட்டும், ஒரு காப்பரும் இரண்டு குளோரினும். முதலாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, புதுச்சேரியின் பழைய சுவர்களுக்குப் பூசிய நீற்றுச் சுண்ணாம்பு. இரண்டாவது இரு அலோகங்கள் என்பதால் சல்பர் ஹெக்சா ஃபுளூரைடு. மூன்றாவதில் முன்னொட்டு ஏதும் வராது, அலுமினியம் சல்பேட்தான். நான்காவதை டை குளோரைடு என்று எழுதியவர்கள் உலோகம் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்குத் திரும்பிச் செல்லுங்கள். அது காப்பர் இரண்டு குளோரைடு.