அடிபட்ட நாயைத் தத்தெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நாள் இரவு 11 மணிக்கு போன் வந்தது. "அக்கா, பெல்ட்டு என் கையிலயே இருக்கு, அவன் ஓடிட்டான்" என்று ஒரு பெண் அழுதாள். காப்பகத்திலிருந்து நாயைக் கூட்டி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

12 வருஷமாக சென்னையில் காப்பக நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அடி வாங்கியவை, சுடுதண்ணீர் ஊற்றப்பட்டவை, வண்டி ஏறி இடுப்பு போனவை என்று எல்லாம் வரும். அந்தப் பெண் பேசப் பேச எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே தவறை நானும் செய்திருக்கிறேன். தடுப்பூசி, சாப்பாடு, உண்ணி மருந்து பற்றியெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். பெரும்பாலும் யாரும் சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

கழுத்து பெல்ட்டை மட்டும் நம்பி வெளியே கூட்டிப்போவது

என்னிடம் வந்த இரண்டாவது நாய் செல்வி. செம்பட்டை நிறத்து நாட்டு நாய். யாரோ கொதிக்கும் தண்ணீரை ஊற்றியதில் முதுகில் ஒரு முழ நீளத்துக்கு முடியே முளைக்காத தழும்பு. மூன்றாம் நாள் விடியற்காலை அவளைத் தெருவில் நடத்திக்கொண்டு போனேன். எதிர் வீட்டு அம்மா வாசல் தெளிக்க வாளியைச் சாய்த்தார். தண்ணீர் தரையில் அடித்த சத்தம்தான். செல்வி முன்னால் ஓடவில்லை, பின்னால் போனாள். காதுகளைத் தலையோடு ஒட்டவைத்து, தலையைத் தாழ்த்தி ஒரே இழுப்பு. கொக்கி மாட்டியபடியே பெல்ட் செயினில் தொங்கியது. அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

நாட்டு நாய்க்குத் தலை ஒடுக்கம், கழுத்துக்கும் தலைக்கும் சுற்றளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. பயந்த நாய் பின்வாங்கும்போது காதும் மடங்கிவிடுவதால் பெல்ட்டைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. "பாவம், இறுக்காதே" என்று தளர்த்திக் கட்டியிருந்தேன். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. அதுவும் போதாது. உடம்பில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்று, கழுத்தில் பெல்ட் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, அதில் ஒன்று உங்கள் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தெருவே வேண்டாம். மலஜலத்துக்கு வீட்டுக்குள்ளோ, மதில் உள்ள முற்றத்திலோ இடம் ஒதுக்குங்கள்.

செல்வி ஓடிய பிறகு நான் செய்ததுதான் அதைவிடப் பெரிய தவறு. ஐந்து பேர் டார்ச்சை எடுத்துக்கொண்டு "செல்வி, செல்வி" என்று கத்தியபடி தேடினோம். அந்தப் பெயர் அவளுக்கு மூன்று நாள் பழக்கம். மனிதர்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டு ஓடிவந்தால் என்ன நடக்கும் என்பதோ அவளுக்கு அதற்கு முன்பே தெரியும். துரத்தத் துரத்த தூரம் போனாள். ஏழாம் நாள், அவள் காலி மனையில் ஒரு சிமெண்ட் குழாய்க்குள் ஒடுங்கிக் கிடப்பதாக இஸ்திரி வண்டிக்காரர் வந்து சொன்னார். அவள் படுத்த சாக்கை அங்கே போட்டேன். தினமும் இரவு ஒரே நேரத்தில் சோறும் கருவாடும் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பதினோராம் இரவு என் முழங்கையில் ஈர மூக்கு பட்டது.

இவ்வளவும் நடந்த பிறகும், "காத்தாட நடக்கவிடுங்க, தானா பழகிடும்" என்று புதிதாகத் தத்தெடுப்பவர்களிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ரோட்டில் அடிபட்டுச் செத்த பிறகு அந்த அறிவுரை சொன்னவர் யாரும் வந்து நிற்பதில்லை. போன் செய்த பெண்ணிடமும் தேடுவதை நிறுத்தச் சொல்லி, சாக்கையும் சாப்பாட்டையும் வைக்கச் சொன்னேன். அவளுக்கு நான்காம் நாளே கிடைத்துவிட்டான்.

இன்னும் இரண்டு விஷயம். காப்பகத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுவராதீர்கள், இரண்டு பக்கமும் திறந்திருக்கும். கூண்டில் வைத்துக் காரில் கொண்டு வாருங்கள். வந்த அன்றே பெல்ட்டில் அழியாத மையால் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள்.

மொட்டை மாடியில் விடுவது

கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், விடாதீர்கள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பது

அது ஒளிந்திருக்கிறது என்றால், அங்கே பத்திரமாக இருப்பதாக நினைக்கிறது. சாப்பாட்டையும் தண்ணீரையும் அங்கேயே தள்ளிவிட்டு விலகிவிடுங்கள். முதல் நாளே தடவிக்கொடுக்க வேண்டும் என்று மாமியார், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் வரிசையாகக் குனிந்து பார்ப்பதும் இதில்தான் சேரும். தலைக்கு மேலே வரும் கை, அடி வாங்கிய நாய்க்கு அடிக்க ஓங்கிய கைதான். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். நாய்க்கு ஏற்கெனவே ஊசி போட்டிருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள்.

சக்கர வண்டி வாங்கினால் போதும் என்று நினைப்பது

பின்னங்கால் செயலிழந்த நாய்கள் பலவற்றுக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்து, போகிறது என்று நினைத்துவிடுகிறோம். சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதுதான் அது. தேங்கினால் தொற்று வரும், சிறுநீரகம் வரை ஏறும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அடிவயிற்றை இரு பக்கமும் மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். நிறைந்த பை விரலுக்குச் சாத்துக்குடி போலத் தட்டுப்படும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. காப்பகத்திலேயே டாக்டர் உங்கள் கைமேல் கை வைத்துக் காட்டித்தர வேண்டும். அது கைவந்த பிறகே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். வண்டியில் நாள் முழுக்க மாட்டி வைப்பதும் தவறு. சிறிது நேரம் ஓடவிட்டு இறக்கிவிடுங்கள். படுத்திருக்கும்போது பக்கம் மாற்றிவிடாவிட்டால் இடுப்பெலும்பு மேல் புண் விழும். டைல்ஸ் தரையில் காலை இழுத்து இழுத்துத் தோல் உரியும், பாய் விரியுங்கள்.

பார்வையில்லாத நாய் இருக்கும் வீட்டில் நாற்காலியை இடம் மாற்றுவது

மாற்றாதீர்கள்.

காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொடுவது

தரையைத் தட்டுங்கள். அதிர்வில் எழுந்துகொள்ளும்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் கூட்டிவருவது

பொங்கல் வரை பொறுங்கள். உங்களையே நம்பத் தொடங்காத நாய் வெடிச் சத்தத்தைத் தாங்காது.

திருப்பிக் கொடுக்க வெட்கப்படுவது

சமாளிக்க முடியாமல், காப்பகத்தில் சொல்லக் கூச்சப்பட்டு, ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முடியவில்லை என்றால் எடுத்த இடத்துக்கே போன் செய்யுங்கள். நாயை இறக்கிவிடும் நேரத்தில் அந்தப் போனைச் செய்துவிடலாம்.