முதலில் வரைபடம், அப்புறம் கருவி

மலைநடைக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஜி.பி.எஸ். வாங்கலாம்?" என்றுதான். "நீங்கள் நடக்கப்போகிற இடத்துக்கு எந்த வரைபடம் நன்றாக இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. நான் இதுவரை மூன்று கையடக்கக் கருவிகள் மாற்றியிருக்கிறேன். திறந்த வெளியில் நின்றால் மூன்றுமே சில மீட்டர் பிசகில் இடத்தைச் சொல்லிவிடும். அம்புக்குறிக்கு அடியில் திரையில் என்ன வரைந்திருக்கிறது என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதல் கருவியில் மெமரி கார்டு போட இடமே கிடையாது. உள்ளே இருந்தது அடிப்படை வரைபடம் மட்டும்: நெடுஞ்சாலைகள், பெரிய ஊர்கள், பெரிய ஏரிகள். ஒருநாள் மூடுபனியில், நாங்கள் தங்கவேண்டிய குடிசைக்கு இன்னும் 800 மீட்டர் என்று அது காட்டியது. அம்பும் நேராக நின்றது. நடந்து போனால் குறுக்கே ஆறு. திரையில் ஆறும் இல்லை, பாலமும் இல்லை. மேற்பக்கம் போவதா, கீழ்ப்பக்கம் போவதா என்று தெரியாமல் கீழ்ப்பக்கமே இரண்டு மணி நேரம் நடந்தோம். பாலம் மேற்பக்கம் இருந்தது. கருவி சொன்ன 800 மீட்டர் சரியான கணக்குதான், ஆனால் அது காக்கை பறக்கும் தூரம்.

அதனால் பணத்தை எடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தைத் திறந்து, நீங்கள் நன்றாக அறிந்த ஒரு காட்டுப் பாதையைத் தேடுங்கள். ஒற்றையடிப் பாதை இருக்கிறதா? ஓடை, ஊற்று, நடைபாலம்? தன்னார்வலர்கள் வரைவது என்பதால் ஒரு பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கிளைப்பாதையும் இருக்கும், அடுத்ததில் வெறும் பச்சை நிறம்தான் இருக்கும். இதையே கருவியில் ஏற்றத்தக்க கோப்பாக மாற்றி இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் பகுதி அதில் வெறுமையாக இருந்தால், அரசு நில அளவைத் துறையின் வரைபடமோ விலைக்கு விற்கும் வரைபடமோ அந்தக் கருவியில் ஓடுமா என்று விசாரியுங்கள். விடை கிடைத்த பிறகுதான் கருவியின் மாடல் எண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். எங்கள் பாலத்தை நானே பிறகு போய்ப் பதிவெடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தேன். நீங்களும் உங்கள் பாதைகளைச் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.

அடுத்தது சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். மலைக்குப் போகிறவர்கள் இவை இல்லாத வரைபடத்தை வாங்கவே கூடாது. ஆனால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இலவச வரைபடங்கள் பலவற்றில் உள்ள கோடுகள், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் ரேடாரால் எடுத்த அளவுகளிலிருந்து வந்தவை. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையோடு மரங்களின் உயரத்தையும் சேர்த்து அளந்திருக்கிறது. மேலும், கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் இடைவெளி என்றால், 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே தெரியாமலே ஒளிந்துகொள்ளும். திரையில் சாதாரணச் சரிவாகத் தெரிந்த இடத்தில் நான் இரண்டு மாடி உயரப் பாறை விளிம்பில் வந்து நின்றிருக்கிறேன். இறங்கும் வழியைக் கோடுகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இனி கருவி. மெமரி கார்டு இடம், அல்லது உள்ளேயே சில ஜி.பி. நினைவகம் கட்டாயம். திரையைக் கடைக்கு வெளியே எடுத்து வந்து, பின்விளக்கை அணைத்து, வெயிலில் பாருங்கள். நல்ல கையடக்கத் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். மழையில் நடக்கிறவர்களுக்குத் தொடுதிரையை விடப் பொத்தான்கள்தான் என் தேர்வு. ஈரக் கையாலும் கையுறையோடும் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். கடையில் வாங்கும் சாதாரண ஏ.ஏ. பேட்டரியில் ஓடும் கருவி என்றால், மூன்றாம் நாளும் பையிலிருந்து இரண்டு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

செயற்கைக்கோள் விஷயத்தில் ஒன்று மட்டும் கவனியுங்கள். ஜி.பி.எஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ போன்ற மற்ற நாடுகளின் செயற்கைக்கோள்களையும் பிடிப்பது இப்போது சாதாரணம். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளிலும் வாங்கும் கருவி, பாறைச்சுவரில் மோதித் திரும்பும் அலைகளால் வரும் பிழையைக் குறைக்கும். குறுகிய பள்ளத்தாக்குகளில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது. சமவெளியில் நடப்பவர்களுக்கு அவசியமில்லை.

காற்றழுத்த உயரமானி உள்ள மாடல் நல்லதுதான், ஆனால் தெரிந்த உயரத்தில் அடிக்கடி திருத்த வேண்டும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதை வைத்துத்தான் அது உயரத்தைக் கணக்கிடுகிறது; தாழ்ந்த இடங்களில் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் ஏறத்தாழ 8 மீட்டர் உயரம். இரவில் வானிலை மாறி அழுத்தம் 5 குறைந்தால், கூடாரத்தில் தூங்கிக்கொண்டே 40 மீட்டர் ஏறிவிட்டதாக அது காட்டும்.

செல்போன் போதாதா என்பார்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் ஒருநாள் நடைக்குத் தாராளமாகப் போதும். குளிரும் மழையும் சேர்ந்த பல நாள் பயணத்துக்குத்தான் தனிக்கருவி வேண்டும் என்பேன்.

வாங்கியதும் அமைப்புகளில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, டேட்டம்: பூமியில் ஓர் இடத்தின் எண்களை எதை அடிப்படையாக வைத்து அளப்பது என்பது. வழக்கமாக டபிள்யூ.ஜி.எஸ். 84 இருக்கும். பழைய காகித வரைபடம் வேறு டேட்டத்தில் இருந்தால், அதில் நீங்கள் குறிக்கும் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகலாம். இரண்டாவது, ஆயத்தொலைவு, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதும் முறை. இதில் ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 நொடி; 30.50 நிமிடம் என்றால் 30 நிமிடம் 30 நொடி. 30.50 நிமிடம் என்பதை எதிர்முனையில் இருப்பவர் 30 நிமிடம் 50 நொடி என்று எழுதிக்கொண்டால், அட்சரேகையில் 20 நொடி பிசகு. அது 600 மீட்டருக்கும் மேல். உதவி கேட்டுப் பேசும்போது "புள்ளி ஐந்து பூஜ்யம்" என்று புள்ளியையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கூட வருகிறவர்களோடு இதை ஒருமுறை பழகிப் பார்த்துவிடுங்கள்.